முடியை மழித்தால் முதுகெலும்பு சேராது

சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிறந்த குழந்தையின் அடிமுதுகில், நடுவில், கொத்தாக முடி முளைத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அது தெய்வம் இட்ட அடையாளம். பிள்ளை நடந்து ஓடினால் ஸ்கேன் தேவையில்லை. ஸ்கேன் எடுக்கச் சொல்லும் டாக்டர் பயம் காட்டிப் பணம் பறிக்கிறார். பார்க்க அசிங்கமாக இருந்தால் பிள்ளை வளர்ந்ததும் லேசர் வைத்து நீக்கிவிடலாம். இதுதான் அதன் சாரம். ஐந்து வாதம், ஐந்தும் தப்பு. தப்பாக எழுத எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் இதைப் படித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரு தாய் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு திரும்பினால், அதற்கான விலையைக் கட்டுரையாளர் கொடுக்கப் போவதில்லை. பிள்ளைதான் கொடுக்கும். அதனால் பூசி மெழுகாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வாதம், முடிதானே என்பது. பிறந்த குழந்தைக்கு உடம்பெல்லாம் பூனைமுடி இருக்கும், பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டினால் உதிர்ந்துவிடும், எங்கள் பாட்டிக்குத் தெரிந்தது டாக்டருக்குத் தெரியவில்லை என்று எழுதுகிறார். தோளிலும் முதுகிலும் பரவலாகக் கிடக்கும் பூனைமுடி சில வாரங்களில் உதிரும். பயத்தமாவு தேய்த்தாலும் உதிரும், தேய்க்காவிட்டாலும் உதிரும். நம் குழந்தைகளில் பலருக்குப் பிட்டத்துக்கு மேலே நீலத் திட்டு இருக்கும். அதுவும் பெரும்பாலும் தானாக மங்கிவிடும். இவற்றைப் பார்த்து ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுகிற டாக்டர் யாருமில்லை. பாட்டிக்குத் தெரிந்தது டாக்டருக்கும் தெரியும். டாக்டருக்குத் தெரிந்த இன்னொன்றுதான் கட்டுரையாளருக்குத் தெரியவில்லை.

நாம் பேசுகிற முடி வேறு. மற்ற இடமெல்லாம் வழுவழுப்பாக இருக்க, முதுகெலும்பின் மேலே, சரியாக நடுக்கோட்டில், ஒரு திட்டில் மட்டும் அடர்ந்து கிடக்கும். முக்கோணமாகவோ சாய்சதுரமாகவோ எல்லை தெரியும். நீளமாக இருக்கும், உதிராது, பிள்ளையோடு சேர்ந்து வளரும். இந்த முடிக்கும் கீழே மூடாமல் கிடந்த முதுகெலும்புக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 1875லேயே எழுதி வைத்தார். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டாக மருத்துவ நூல்களில் இருக்கிற ஒரு செய்தியை, கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகள் நேற்றுக் கண்டுபிடித்த வியாபாரம் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். விர்ஹோவுக்கு எந்த ஸ்கேன் சென்டரிலும் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை.

உடம்பில் எங்கு வேண்டுமானாலும் முடி முளைக்கும், முதுகில் முளைத்தால் மட்டும் என்ன என்றும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முழங்கையைச் சுற்றி நீளமான முடியோடு வளரும் குழந்தைகள் உண்டு. சிலருக்கு உயரக் குறைவு சேர்ந்து வரலாம், பெரும்பாலோருக்குத் தொந்தரவே இல்லை. தோளில் பழுப்புத் திட்டும் முடியுமாக வளரும் பெக்கர் மச்சம் பெரும்பாலும் பருவ வயதில் எட்டிப் பார்க்கும், அதுவும் அநேகமாக அழகுப் பிரச்சினைதான். ஆனால் தலையில் முடியில்லாத சின்ன வட்டம் ஒன்று இருந்து, அதைச் சுற்றிக் கருகருவென்று வளையமாக முடி நின்றால் விஷயம் வேறு. மண்டையோட்டைத் தாண்டி மூளை உறையோ மூளைத் திசுவோ அந்த இடத்தில் பிதுங்கி நிற்கலாம். அதைக் கட்டி என்று நினைத்து ஊசி குத்தவோ கீறவோ கூடாது, முதலில் படம் எடுக்க வேண்டும். குலதெய்வம் கோயிலில் முதல் மொட்டை அடிக்கும்போது அந்த வளையமும் சேர்ந்து போய்விடும். அதற்கு முன்பு குழந்தையின் தலையை ஒருமுறை விரலால் விலக்கிப் பார்க்கும் தாய், கட்டுரையாளரைவிட நல்ல மருத்துவம் செய்கிறாள்.

முடி முளைத்த மச்சம் அதிர்ஷ்டம் என்று போகிற போக்கில் ஒரு வரி. சின்ன மச்சமாக இருந்தால் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் முதுகை மூடிக்கொண்டு கருப்பாக, முடியோடு பிறக்கும் ராட்சத மச்சம், வளர்ந்தபின் 20 சென்டிமீட்டருக்கு மேல் விரியக் கூடியது, அதிர்ஷ்டக் கணக்கில் வராது. அதில் மெலனோமா என்ற புற்றுநோய் வரக்கூடும். அதே நிறமிச் செல்கள் மூளை உறையிலும் படிந்திருக்கக்கூடும், அப்போது வலிப்போ மூளையில் நீர்க்கோர்வையோ வரலாம். எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் கண்காணிக்க வேண்டிய குழந்தையை மச்ச பலன் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

சரி, முதுகின் நடுவில் முளைத்த முடிக்கும் உள்ளே இருக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்? கட்டுரையாளர் இதை மூடநம்பிக்கை மாதிரிக் கிண்டல் செய்கிறார். கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே அடுக்கிலிருந்து உருவாகின்றன. மூன்றாவது நான்காவது வாரத்தில் அந்த அடுக்கின் நடுப்பகுதி பள்ளமாகி, இரண்டு கரையும் சேர்ந்து குழாயாகி, மேல்தோலிலிருந்து பிரிந்து உள்ளே போகிறது. அந்தக் குழாய்தான் பின்னால் மூளையும் தண்டுவடமும். சுமார் 28ஆம் நாளில் வேலை முடிந்துவிடும். தாய்க்கு நாள் தள்ளிப்போனது உறைப்பதற்குள் எல்லாம் நடந்துவிடுகிறது. பிரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே பிரிந்தால் கொழுப்புத் திசு உள்ளே புகுந்து தண்டுவடத்தோடு ஒட்டிக்கொள்ளும். சரியாகப் பிரியாவிட்டால் தோலிலிருந்து தண்டுவடம் வரை நூல்போல ஒரு துவாரம் நிற்கும். சில குழந்தைகளுக்குத் தண்டுவடமே இரண்டாகப் பிளந்து, நடுவில் எலும்பு முளையோ நார்த்தடுப்போ நிற்கும். இந்தப் பிளவை இரண்டு வகையாகப் பிரித்து 1992இல் விளக்கியவர் டாக்லிங் பாங் என்ற நரம்பியல் அறுவை நிபுணர். பிளவுபட்ட தண்டுவடத்தின் மேலே தோலில் தெரியும் அடையாளங்களில் இந்த முடிக்கொத்துதான் முதலில் நிற்பது. தோலும் நரம்பும் ஒன்றாகப் பிறந்தவை. ஒன்றில் நடந்த பிசகு மற்றதில் தெரிகிறது. இதில் மாயம் எதுவும் இல்லை.

இது வெள்ளைக்காரன் நோய், நம் பிள்ளைகளுக்கு வராது என்ற வரியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் பிளவுபட்ட தண்டுவடத்தோடு வந்தவர்கள் மட்டும் 254 பேர். உலக அளவில் இந்தக் குறைபாடு பற்றி வந்த பெரிய தொகுப்புகளில் அது ஒன்று.

இப்போது கட்டுரையின் தூண் என்று அவர் நினைக்கிற இரண்டாவது வாதத்துக்கு வருவோம். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, ஓடுகிறது. பிறகு என்ன ஸ்கேன்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கோளாறு நடந்து பழகும் வயதில் மட்டும் முகம் காட்டும் கோளாறு இல்லை. கருவின் மூன்றாம் மாதத்தில் தண்டுவடம் முதுகெலும்புக் குழாயின் கடைசி வரை நிறைந்திருக்கும். பிறகு எலும்பு வேகமாக வளர, தண்டுவடத்தின் நுனி மேலே ஏறிக்கொண்டே போகும். பிறந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் நிலைத்துவிடும். கொழுப்போ எலும்பு முளையோ தடித்த நாரோ அதைக் கீழே பிடித்துக்கொண்டால் மேலே ஏற முடியாது. பிள்ளை வளர வளர, குனிய நிமிர, தண்டுவடம் இழுபடும். இழுபடும் நரம்புத் திசுவுக்கு ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் குறையும். ஒருநாளில் எதுவும் உடையாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். திடீர் வளர்த்தி எடுக்கும் வயதில் வேகமாகப் போகும்.

1891இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு நோயாளியின் வரலாறு வந்தது. வெளியே தெரியாத முதுகெலும்புப் பிளவு. 17 வயது வரை காலில் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகுதான் பலவீனம் தொடங்கியது, எலும்பைத் திறந்து நரம்பின் மேலிருந்த அழுத்தத்தை எடுத்தார்கள். பதினாறு வயதில் அந்தப் பையனைப் பார்த்திருந்தால் நம் கட்டுரையாளர் என்ன எழுதியிருப்பார்? நடக்கிறான், ஓடுகிறான், பிறகு என்ன என்றுதான் எழுதியிருப்பார்.

அது எப்படி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் முதுகில் வலி என்று பல பிள்ளைகள் வந்து நிற்பதில்லை. இரண்டு குதிகாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு பாதம் அரை விரல் சிறியதாக இருக்கும். செருப்பு வாங்கும்போது பெரிய காலுக்கு அளவு எடுத்து வாங்குவார்கள். சின்னக் காலில் அது நிற்காது. அனுபவமுள்ள டாக்டர் கேட்கும் கேள்வி இதுதான்: செருப்பு கழன்று விழுந்தால் பிள்ளைக்குத் தெரிகிறதா? தெரியாது. ஒற்றைச் செருப்போடு வீடு வரை நடந்து வந்திருப்பான், அம்மா பார்த்துத் திட்டியிருப்பாள். பாதத்தில் உணர்ச்சி குறைந்த பிள்ளை அவன். பிறகு ஒருநாள் கல் குத்தியது தெரியாமல் காலில் புண் வரும், ஆறாது. கெண்டைக்கால் சூம்பும், பாதம் வளையும், முதுகு கோணும்.

இதைவிடக் கொடுமை சிறுநீர். பத்து வயதிலும் படுக்கையை நனைக்கிறான் என்று அடிக்கிறார்கள், சூடு போடுவேன் என்று மிரட்டுகிறார்கள், வேண்டுதல் வைக்கிறார்கள். பகலிலும் ஜட்டி ஈரமாகவே இருக்கும். பள்ளியில் பக்கத்தில் உட்கார யாரும் வரமாட்டார்கள். சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றாது, ஏனென்றால் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தவர் யாருமில்லை. அடிக்கடி கிருமித் தொற்று, சிறுநீர் பின்னோக்கி ஏறுதல், கடைசியில் சிறுநீரகம். இந்த வரிசையில் எந்தப் படியிலும் பிள்ளை நடந்துகொண்டுதான் இருப்பான். கட்டுரையாளரின் சான்றிதழும் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி வந்தபின் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: தண்டுவடத்தை விடுவிக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு வலி நன்றாகக் குறைகிறது. கால் பலம் ஓரளவு திரும்பலாம். சிறுநீர்ப்பை கெட்டு நாளாகிவிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. வாழ்நாள் முழுக்க நாளுக்குப் பல தடவை குழாய் செருகி சிறுநீரை வெளியேற்ற வேண்டும். ஆக, ஒன்றும் ஆகவில்லையே என்று அவர் காட்டுகிற அந்தக் காலம்தான் ஏதாவது செய்யக்கூடிய காலம்.

மூன்றாவது, ஸ்கேன் வியாபாரம். இதற்கு ஆதாரமாக ஒரு கணக்கைக் கொண்டுவந்திருக்கிறார். ஆரோக்கியமானவர்களை எக்ஸ்ரே எடுத்தாலே நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் கீழ் முதுகெலும்பில் ஒரு சின்ன இடைவெளி தெரியும், அவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், எனவே முடிக்கொத்துப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. முதல் பாதி சரி. அந்த இடைவெளி வளைவு எலும்பு முழுதாக மூடாததால் வருவது. தோலில் அடையாளமும் இல்லை, நரம்பில் தொந்தரவும் இல்லை என்றால் அதை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. ஆனால் அதிலிருந்து முடிக்கொத்துக்குத் தாவுவது எந்த ஊர் தர்க்கம்? அவர் எண்ணியது எலும்பில் மட்டும் இடைவெளி உள்ளவர்களை. நாம் பேசுவது தண்டுவடமே சிக்கியிருக்கக்கூடிய குழந்தைகளை. கூட்டத்தை மாற்றி எண்ணிவிட்டு விடை சரியென்று சாதிக்கிறார்.

சரியான கூட்டத்தை எண்ணியவர்கள் இருக்கிறார்கள். பாரிஸ் மருத்துவர்கள் அடிமுதுகின் நடுவில் பிறவி அடையாளம் கொண்ட 54 குழந்தைகளைப் பரிசோதித்து 2004இல் வெளியிட்டார்கள். முடியோ குழியோ செந்திட்டோ ஏதாவது ஒரே அடையாளம் மட்டும் இருந்த 36 பேரில் 3 பேருக்கு உள்ளே கோளாறு. இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்திருந்த 18 பேரில் 11 பேருக்கு. முடியோடு ஒரு கொழுப்புக் கட்டி, முடியோடு ஒரு சின்னத் துவாரம், முடியோடு ஒரு செந்திட்டு என்றால் பத்தில் ஆறு பேர் என்று பொருள். எந்தச் சூதாட்டத்திலும் இவ்வளவு மோசமான பந்தயத்தைக் கட்ட எந்தத் தகப்பனும் சம்மதிக்கமாட்டான்.

ஸ்கேன் கதிர்வீச்சு குழந்தைக்கு ஆபத்து என்றும் பயமுறுத்துகிறார். பயம் காட்டுகிறார்கள் என்று அடுத்தவரைக் குற்றம் சொன்ன அதே கட்டுரையில். முதல் மூன்று நான்கு மாதங்களில் முதுகெலும்பின் பின்பக்கம் இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால், சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே தண்டுவடம் எங்கே முடிகிறது, அசைகிறதா என்று பார்த்துவிடலாம். வயிற்றில் இருந்தபோது தாய்க்கு எடுத்த அதே ஸ்கேன். அதில் கதிர்வீச்சு கிடையாது. அதில் சந்தேகம் வந்தாலோ, வயது தாண்டிவிட்டாலோ எம்.ஆர்.ஐ.; அதிலும் எக்ஸ்ரே கதிர் கிடையாது. உண்மையில் கவலைப்பட வேண்டியது குழந்தை அசையாமல் இருக்க மயக்க மருந்து தேவைப்படலாமே என்பதற்கு. பச்சிளங்குழந்தையாக இருந்தால் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்தே பல சமயம் எடுத்துவிடுகிறார்கள். காத்திருக்கச் சொல்லும் கட்டுரையாளர்தான் எளிய ஸ்கேனின் காலத்தைக் கடத்தி, மயக்க மருந்து தேவைப்படும் வயதுக்குப் பிள்ளையைத் தள்ளிவிடுகிறார்.

பணம் பறிப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நியாயமாகச் சண்டை போட இடமிருக்கிறது. ஆசனவாய்க்கு 2.5 சென்டிமீட்டருக்குள், நடுவில், அரை சென்டிமீட்டருக்கும் குறைந்த, அடி தெரிகிற சாதாரணக் குழி ஏராளமான குழந்தைகளுக்கு இருக்கிறது. வேறு அடையாளம் இல்லையென்றால் அதற்கு ஸ்கேனே வேண்டாம். அதைக் காட்டி எம்.ஆர்.ஐ. எழுதினால் கேள்வி கேளுங்கள். தண்டுவட நுனியில் கொழுப்புக் கட்டி உள்ள, ஆனால் அறிகுறி இல்லாத குழந்தைக்கு உடனே ஆபரேஷனா, கண்காணிப்பா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆபரேஷனிலும் நீர்க்கசிவு, மறுபடி ஒட்டிக்கொள்வது போன்ற ஆபத்துகள் உண்டு. இதையெல்லாம் எடுத்து எழுதியிருந்தால் அது ஒரு கட்டுரை. ஸ்கேன் எடுப்பதையும் கத்தி வைப்பதையும் ஒன்றாக்கி, இரண்டையும் திட்டிவிட்டுப் போவதற்குப் படிக்கவே வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஸ்கேனும் உண்டு, நரம்பியல் அறுவைப் பிரிவும் உண்டு. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசு சிறார் நலத் திட்டத்தில் தேட வேண்டிய பிறவிக் குறைபாடுகளில் நரம்புக்குழாய்க் குறைபாடும் ஒன்று. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வரும் குழுவிடம் குழந்தையின் முதுகைக் காட்டக் காசு கேட்க மாட்டார்கள்.

நான்காவது, தெய்வம். வட இந்தியாவில் வால் போன்ற வளர்ச்சியோடு பிறந்தவர்களை அனுமனாக உட்காரவைத்துக் காணிக்கை வைத்த செய்திகளைப் பெருமையாக எடுத்துக் காட்டுகிறார். நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துங்கள், வெண்ணெய்க் காப்பு செய்யுங்கள், எந்த டாக்டரும் குறுக்கே நிற்கமாட்டார். ஆனால் அந்தச் செய்திகளில் அவர் பார்க்காமல் விட்ட இடம் ஒன்று உண்டு: வணங்கப்பட்டவர்களில் நடக்க முடியாமல் இருந்தவரும் உண்டு. சக்கர நாற்காலியில் இருந்த பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள், அந்தக் கால் ஏன் அசையவில்லை என்று கேட்கவில்லை. கடலைத் தாண்டியவரின் பெயரால் ஒரு குழந்தையை எழுந்து நிற்க முடியாமல் வைத்திருப்பதற்குப் பக்தி என்றா பெயர்?

கடைசியாக லேசர் யோசனை. ஐந்திலும் மகா ஆபத்தானது இதுதான். ஓதம் இறங்கும் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வீடு சரியாகிவிட்டது என்று சொல்கிற வேலை. முடி நோயில்லை. உள்ளே பார் என்று சொல்வதற்கு இருக்கிற ஒரே சாட்சி. அந்தப் பெண் குழந்தை வளர்கிறாள், கல்யாணம் ஆகிறது, பிரசவத்துக்குப் போகிறாள், சிசேரியன் என்கிறார்கள். முதுகில் ஊசி போட மயக்க மருந்து நிபுணர் வருகிறார். இடுப்பு முள்ளெலும்பு மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் குத்துவது வழக்கம், ஏனென்றால் ஏறக்குறைய எல்லாருக்கும் தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடும். இவளுக்கு முடிந்திருக்காமல் போகலாம். முடிக்கொத்து இருந்திருந்தால் அவர் கை நின்றிருக்கும், ஒரு கேள்வி கேட்டிருப்பார், வேறு வகை மயக்கம் கொடுத்திருப்பார். கட்டுரையாளர் சொல்படி லேசர் வைத்து வழுவழுப்பாக்கிய முதுகில் அவருக்கு எச்சரிக்கை எங்கிருந்து கிடைக்கும்? படம் எடுத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, முடியை எடுப்பதும் வைத்துக்கொள்வதும் அந்தப் பெண்ணின் இஷ்டம். அதற்கு முன்னால் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. குழந்தையை மடியில் குப்புறப் போட்டு, நல்ல வெளிச்சத்தில், கழுத்திலிருந்து பிட்டப் பிளவு வரை ஒருமுறை பாருங்கள். நடுக்கோட்டில் முடிக்கொத்து, கொழுகொழுவென்ற கட்டி, செந்திட்டு, பிட்டப் பிளவுக்கு மேலே துவாரம், கோணிப்போன பிளவு, வால் போன்ற முளை, இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். துவாரம் இருந்தால் அதைக் குச்சி விட்டுக் குடைய வேண்டாம், யாரையும் குடைய விடவும் வேண்டாம். அந்த வழியாகக் கிருமி போனால் மூளைக்காய்ச்சல்.

கட்டுரையாளர் பதில் எழுதுவதாக இருந்தால் எழுதட்டும். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நான் சொல்வது தப்பாக இருந்தால் ஒரு குடும்பத்துக்கு அரை நாள் கூலியும், ஒரு ஸ்கேன் செலவும், ஒன்றுமில்லை என்ற சீட்டும். அவர் சொல்வது தப்பாக இருந்தால் ஒரு பிள்ளையின் காலும் சிறுநீர்ப்பையும், ஒருவேளை சிறுநீரகமும். இரண்டாவது செலவை அவர் ஏற்றுக்கொள்ளத் தயார் என்றால் பெயரும் முகவரியும் போட்டு எழுதிக் கொடுக்கட்டும். தயார் இல்லையென்றால், அடுத்த இதழில் அவர் எழுத வேண்டியது பதில் இல்லை, திருத்தம்.